சாலமன் திருடாத இசைத்தட்டு

மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்திலிருந்து நான் கோயம்புத்தூருக்குப் போனது தண்ணீர் பம்புகளைப் பார்வையிட. கம்பெனியில் சொன்ன காரணம் அது; பொய்யுமில்லை. செம்பனைத் தோட்டங்களுக்குப் பம்பு பொருத்திக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. கோயம்புத்தூரில் வாங்கிய பம்புகள் கப்பலேறுவதற்கு முன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம் என் பெட்டியின் அடியில், சட்டைகளுக்கு நடுவில், ஒரு தட்டையான தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆடி பிறந்திருந்த சமயம். சென்னையில் சுங்க அதிகாரி அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இசைத்தட்டு. இந்தக் காலத்திலுமா இதையெல்லாம் சுமந்துகொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சுமந்ததற்குக் கதை உண்டு. இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் பஞ்சாலைகளுக்கும் பேர்போன ஒரு நகரத்தைச் சேர்ந்த நால்வர் எண்பதுகளின் கடைசியில் போட்ட தட்டு அது. அவர்கள் முதலில் வாசித்தது இருட்டும் எரிச்சலுமான கிடார் இசை. பிறகு நடன விடுதிகளில் அதிரும் மின்னணுத் தாளத்தில் மயங்கி, இரண்டையும் ஒரே தட்டில் குடிவைத்துவிட்டார்கள். அடியில் இயந்திரம் சளைக்காமல் தாளம் போடும். அதன் மேல் தடித்த தந்திக் கிடார் ஒன்று தன் இடத்தை விட்டு உயரே ஏறி ராகம் இழுக்கும். பாடுகிறவர் விருந்துக்கு வந்துவிட்டு வீட்டு நினைப்பில் நிற்பவரைப் போலப் பாடுவார். கால் ஆடும், ஆடும்போதே மனசு கனக்கும். பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள்.

இந்தத் தட்டால் எனக்குக் கிடைத்த நண்பர் தங்கவேல். இசைப் பத்திரிகை ஒன்றின் பேனா நண்பர் பக்கத்தில் பிடித்தமான தட்டு என்று இதைக் குறிப்பிட்டிருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கடிதம் வந்தது. நூற்பு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். பயிற்சிக்காக மூன்று மாதம் அந்த மழை நகரத்துக்கே அனுப்பப்பட்டவர். அங்கே ஒரு கடை வாசலில் இந்தத் தட்டைக் கேட்டாராம். ஊரில் மில் ஓடுகிற சத்தத்தில் யாரோ பாட்டுக் கட்டியது போல இருந்தது, அங்கேயே நின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தார். மூன்று வருடம் மாதம் ஒரு கடிதம் தவறியதில்லை.

என்னிடம் இருந்தது இரைச்சல் மிகுந்த ஒரு கேசட் பிரதி. அதைக் கேள்விப்பட்டதும் தன் தட்டையே எனக்கு அனுப்பிவைத்தார், நல்ல பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பச் சொல்லி. தபாலில் உடையாமல் இருக்க, மெல்லிய தகடு வெட்டி, ஓரம் மடித்து, ரிவிட் அடித்து, உள்ளே கம்பளித் துணி ஒட்டிய பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார். நான் அந்தத் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈப்போ வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வந்து பார்த்தபோது அது பொரித்தெடுத்த அப்பளம் போல நெளிந்து கிடந்தது.

உண்மையை எழுத மனம் வரவில்லை. பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று எழுதினேன். வரவில்லையே என்று அவர் கேட்டபோது, உங்கள் பக்கத் தபாலில்தான் எங்கோ போயிருக்கும் என்று எழுதினேன். பதிவு ரசீதின் எண்ணை அனுப்புங்கள் என்று கடைசியாக ஒரு கடிதம் வந்தது. இல்லாத ரசீதுக்கு எண்ணை எங்கே தேடுவது? அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. பதினோரு மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் சிங்கப்பூரில் ஒரு பழைய கடையில் அதே தட்டு கிடைத்தது. வாங்கி, அவருடைய தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பம்பு வேலை வந்ததும் நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் அந்த மாதம் காற்று ஓய்வதே இல்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே சாரல் முகத்தில் தெளித்துவிட்டு, நனைந்தோமா இல்லையா என்று நாம் யோசிப்பதற்குள் நின்றுவிடுகிறது. மேற்கே மலை நாள் முழுக்க மேகத்தைப் போர்த்திக்கொண்டு இருந்தது. ஈப்போவிலும் மலைகள் உண்டு. நடுத்தெருவில் வந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். இந்த மலை தள்ளி நின்று ஊரைக் கவனிக்கும் ரகம்.

தங்கும் விடுதியில் முதல் வேளை சாப்பிட்டபோது பரிமாறியவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். குடித்தேன். எப்படி இருக்கிறது என்றார். தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. சிறுவாணித் தண்ணீராம். இனிக்கிறது என்றேன். தானே காய்ச்சி இறக்கியதைப் போல மகிழ்ந்து போனார்.

அடுத்த இரண்டு நாளும் பம்புத் தொழிற்சாலையில். மதியம் அங்கிருந்தவர்கள் தங்கள் அரிசிம்பருப்புச் சோற்றில் எனக்கும் பங்கு வைத்தார்கள். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்துத் தாளித்து, மேலே நெய் விட்ட சோறு. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் தின்று வளர்ந்த என் நாக்கு இவ்வளவு எளிய ஒன்றுக்கு இப்படி மசியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் தமிழ்தான் அவர்களுக்கு வேடிக்கை. ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். பம்புகள் எல்லாம் ஒழுங்காக ஓடின. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்தில் ஏறினேன். உட்கார இடமில்லை. இந்த ஊரில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் தானாகவே வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். எங்கள் ஊரில் யாராவது என் பையை இழுத்தால் நான் கத்தியிருப்பேன். ஓர் அம்மா என் தகரப் பெட்டியை வாங்கிக் கறிவேப்பிலைக் கட்டோடு மடியில் வைத்துக்கொண்டார். துடியலூர் தாண்டியதும் கூட்டம் என்னைப் பின்னால் தள்ளியது. எட்டிப் பார்த்தபோது அந்த இருக்கையில் வேறொருவர் இருந்தார். அம்மாவும் இல்லை, பெட்டியும் இல்லை.

அந்தக் கணத்தில் என் மனத்தில் ஓடிய சொல்லை எழுதக் கூசுகிறது. அதை நான் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். பார்த்தால், அந்த அம்மா சாலையோரத்தில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். கட்டோடு கட்டாக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாராம். மூச்சு வாங்க ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டி, "மன்னிச்சுக்குங்க கண்ணு, மறந்துபோட்டேன்" என்றார். நான் சொன்ன சொல் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. கேட்டவர்கள் என்னைச் சுற்றிலும் நின்றார்கள். இறங்கும்வரை நான் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் வரிசையாகச் சிறு பட்டறைகள். ஞாயிறென்பதால் லேத்துகள் ஓய்ந்திருந்தன. கேட்ட முதல் ஆளே வீட்டைக் காட்டினார். தங்கவேல் வாசலில் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தோடு நான் அனுப்பிய புகைப்படம் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். ஈரக்கையோடு எழுந்து, "ஈப்போ பாலனுங்களா?" என்றார். முப்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி, நெற்றியில் திருநீறு. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் என் கையிலிருந்த பெட்டிக்குப் போனது.

"உங்களுக்கே திரும்பி வந்துருச்சுங்களா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "சரசு, இங்க வா. பெட்டி கெடைச்சிருச்சு. அப்ப சாலமன் எடுக்கல."

சாலமன் யார் என்று எனக்குத் தெரியாது. என்ன நடந்ததென்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், வழி ஒன்று தானாகத் திறந்திருக்கிறது என்பதுதான். நான் தலையாட்டினேன்.

சரசு நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் போட்டார். சாப்பிடும்போது தங்கவேல் சொன்னதை நான் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். என்னிடமிருந்து ரசீது எண் வராததால், அவர் தபால் அலுவலகத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊருக்குத் தபால் கொண்டுவந்தவர் சாலமன். விசாரணை நடந்தது. எதுவும் நிரூபணமாகவில்லை, வராத பார்சலை எப்படி நிரூபிப்பது? ஆனால் டீக்கடையில் ஒருவர், சாலமன் சைக்கிளில் தட்டையான ஒரு பெட்டியைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அவர் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். காடுகளில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் சாலமன். அவரைப் பற்றி அப்படிப் பேசுவது ஊருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பன்னிரண்டு மைலுக்கு அப்பாலுள்ள அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்; குடியிருப்பது இன்னும் இதே ஊரில்தான். அதற்குப் பிறகு அவருக்கு 'ரெக்கார்டு' என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

"நான் எழுதுனது ஒரே ஒரு காயிதந்தானுங்க" என்றார் தங்கவேல். "மிச்சத்தையெல்லாம் ஊரே எழுதிப்போட்டுது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வெளிநாட்டுக்காரருக்குக் காரம் அதிகம் போல என்று சரசு தயிர் ஊற்றினார். தங்கவேல் கை கழுவிய வேகத்தில் சட்டையை மாட்டினார். இன்றைக்கு சாலமன் கோயில் முடிந்து வீட்டில் இருப்பார், இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், நீங்களும் வந்தால் நம்புவார் என்றார். நான் சும்மா அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும். பெட்டி மலேசியாவுக்கே திரும்பி வந்துவிட்டது என்று ஒரு வாக்கியம். எல்லாருக்கும் நல்லதாகவே முடியும். சாலமனின் பெயர்கூடச் சுத்தமாகிவிடும்.

மொபெட்டில் சோளக்காட்டைத் தாண்டும்வரை அந்த வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்கு முன்னால் அந்த ஒல்லி முதுகு, நல்ல செய்தி கொண்டுபோகிற அவசரத்தில் காற்றுக்கு எதிராகக் குனிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தோளைத் தொட்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலையோரத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கார், வெயில், ரசீது, சிங்கப்பூர், ஒரு மணி நேரத்துக்கு முன் ஆட்டிய தலை, எல்லாம்.

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். பெட்டியை வாங்கித் திறந்து உறையின் மூலையைப் பார்த்தார். அவருடைய பழைய தட்டின் உறையில் அந்த இடத்தில் பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது; இதில் இல்லை. மூடினார். மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்றார். "வளைஞ்சு போச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் சிரிச்சிருப்பேனுங்களே. உங்களை நம்பி அந்த மனுசன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனுங்களே."

கோபத்திலும் 'ங்க' விடாத ஊர் இது. என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை. இவ்வளவு வலித்ததுமில்லை.

திரும்பிப் போய்விடச் சொல்வாரோ என்று நினைத்தேன். ஏறுங்கள் என்றார்.

சாலமனின் வீடு தெருக்கோடியில், ஓடு வேய்ந்தது. ஐம்பதை நெருங்கும் மனிதர். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கவேலைக் கண்டதும் முகம் இறுகியது. வழியெல்லாம் 'சாலமன்' என்று பேசி வந்த தங்கவேல் இங்கே "அண்ணா" என்றார். ஆனால் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான்தான் உள்ளே போனேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் டியூபைத் தண்ணீருக்குள் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் குமிழி வந்தது. அங்கே விரலை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"பதினோரு மாசமுங்க" என்றார்.

அவருடைய மனைவி எஸ்தர் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, எங்கள் வீட்டில் காப்பி குடிப்பீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் ஈப்போவில் வளர்ந்த எனக்கே புரிந்தது. குடிப்பேன் என்றேன். கருப்பட்டி போட்ட வரக்காப்பி வந்தது. இரண்டாவது டம்ளரை அவர் வேலிப் பக்கம் கொண்டுபோனார். தங்கவேல் ஒரு விநாடி அதைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, படலைத் தள்ளி உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து குடித்தார்.

சாலமன் கை துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். வாயால் சொன்னதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எழுதினேன். ரேடியோத் தமிழ் அன்றைக்குக் கைகொடுத்தது. அவர் வாங்கி, தபால்காரரின் பழக்கத்தில் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'தவறான தகவல் அளித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன்.

"இதை மட்டும் மாத்திப்போடுங்க" என்றார். "பொய்யின்னு எழுதுங்க. ஆபீசருக்குச் சட்டுனு புரியோணுமில்லீங்க."

அடித்துவிட்டுப் 'பொய் எழுதினேன்' என்று எழுதினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"நான் எடுத்துப்போட்டேன்னு சொன்னாங்கல்லங்க, அது என்ன பாட்டுன்னு ஒருக்கா கேக்கோணும்."

தங்கவேல் உடனே எழுந்து, வீட்டுக்கு வாருங்கள் அண்ணா, இப்போதே போடுகிறேன் என்றார்.

"உங்க ஊட்டுக்கு நான் வர்லீங்க தங்கவேலு. பாட்டுப் பெட்டியை இங்க கொண்டாங்க. இந்தத் தெருவும் கேக்கட்டும்."

ஆகவே ஒரு ரெக்கார்டு பிளேயர், ஆம்பிளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றை மொபெட்டில் கொண்டுவந்தோம். மூன்று நடை போக வேண்டியிருந்தது. ஸ்பீக்கர்களைக் கைக்கொன்றாக அணைத்தபடி பின்னால் உட்கார்ந்து வந்த என்னை ஊரே நின்று பார்த்தது. டீக்கடைக்காரர் எங்கே விசேஷம் என்று கேட்டார். தங்கவேல் வண்டியை நிறுத்தினார். சாலமனண்ணன் வீட்டில், ரெக்கார்டு மலேசியாவை விட்டே கிளம்பவில்லை, புகார் எழுதியது என் தப்பு, பொய் சொன்னது இவர் என்று என்னைக் காட்டிச் சொன்னார். கடைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் எனக்கு முகத்தை மூடிக்கொள்ள வழியில்லை. ஆமாம் என்றேன்.

மூன்றாவது நடையில் சாலமன் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்தும் நான்கு பேர் வந்து தள்ளி நின்றார்கள். ஆம்பிளிஃபயரைப் போட்டதும் எஸ்தர் வீட்டு விளக்கு மங்கியது. தங்கவேல் தட்டைச் சட்டையோரத்தில் துடைத்து வைத்து, முள்ளை இறக்கினார்.

இந்தத் தட்டை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் தனியாக, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. வெயிலில், கோழிகள் மேயும் தெருவில், வேப்ப மரத்துக்குக் கீழே அது வேறு மாதிரி இருந்தது. இயந்திரத் தாளம் தொடங்கியதும் பிள்ளைகள் குதித்தார்கள். பெரியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கை கட்டி நின்றார்கள். தாளம் ஓடுகிற போக்கு இங்கே யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. தறியும் லேத்தும் மில்லும் கேட்டுப் பழகிய காதுகள். கிடார் வந்து சேர்ந்தபோதுதான் சிலர் தலையை நிமிர்த்தினார்கள்.

சாலமன் நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர் என்று எஸ்தர் என்னிடம் மெல்லச் சொன்னார். இது கையால் அடிக்கிற தாளமா, மிஷின் தாளமா என்று சாலமன் கேட்டார். இரண்டும் இருக்கிறது என்றார் தங்கவேல். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் சாதாரணப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து சாலமன் ஒரு விரலைத் தூக்கினார்.

"பாடறவரு இதுல பாடலீங்க. அவரு சும்மா கூட வாராரு. பாடறது இந்தத் தடிச்ச தந்திதான்."

தங்கவேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு வருடக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டிருந்தது.

முதல் பக்கம் முடிந்தது. எல்லாரும் சாலமனைப் பார்த்தார்கள். டீக்கடை ஆட்களும் பார்த்தார்கள். அவர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதப் பாட்டுக்காகத் திருடலாமுங்க" என்றார். "மூணாவது பாட்டுக்கெல்லாம் யாரு வேலையை விடுவாங்க?"

முதலில் சிரித்தது எஸ்தர். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. தங்கவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிப் போட்டார்.

மாலை கிளம்பும்போது தங்கவேல் பிளேயரைக் கழற்றப் போனார். ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும், அந்தத் தந்தி போகிற வழியைக் கீபோர்டில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார் சாலமன். இருக்கட்டும் என்று தங்கவேல் ஒயரை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் மூவரும் கோயம்புத்தூரில் தபால் துறை அதிகாரியைப் பார்த்தோம். அவர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'பொய்' என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தங்கவேல் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கோப்பில் சேர்க்கிறேன், ஆனால் மாற்றல் என் கையில் மட்டும் இல்லை என்றார் அதிகாரி. வெளியே வந்ததும் சாலமன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கக் காகிதம் நடந்துதான் வரும், ஓடி வராது என்றார். மூன்று பேரும் ஒரு பேக்கரியில் நின்று தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டோம். எங்கள் ஊர் ரொட்டிக் கடைகளிலும் தேங்காய் பன் உண்டு, ஆனால் இந்த ருசி இல்லை என்று சொன்னேன். சாலமன் இன்னொன்று வாங்கிப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். விமானத்தில் அதைப் பிரித்துத் தின்றேன்.

தங்கவேலின் கடிதங்கள் மறுபடி மாதம் தவறாமல் வரத் தொடங்கின. சாலமன் பற்றி அவற்றில் செய்தி இருக்கும். மாற்றல் பற்றி இருக்காது. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் தெரியாத கையெழுத்தில் ஓர் உறை வந்தது. உள்ளே தபால்காரரின் அளவான எழுத்தில் ஐந்து வரி.

'முதல் பாட்டின் தந்தியை முழுதாகப் பிடித்துவிட்டேன். கோயிலில் வாசித்தேன், போதகர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நால்வர் வேறு ஏதாவது தட்டுப் போட்டிருந்தால் அனுப்புங்கள். பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள், பயப்பட வேண்டாம். இந்த ஊர்த் தபாலை இப்போது மறுபடியும் நான்தான் கொண்டுபோகிறேன்.'